துணி மூட்டையும் மாவு மூட்டையும்

அத்தியாயம் 9

போன வாரம் மருமகளைச் சலவைக் கடையின் பின்வாசலில், காதில் போனோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். "அவளைக் கொஞ்சம் உட்கார வையுங்கள்" என்று ஒரு வாசகி எழுதியே விட்டார். மன்னிக்க வேண்டும், இன்றைக்கும் உட்கார நேரமில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. கடையை நடத்துவது மாமியார். கஞ்சி போட்ட சட்டை மாதிரி எப்போதும் விறைப்பாக இருப்பதால் தெருவில் அவருக்குக் கஞ்சியம்மா என்று பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. மகன் கடையில் இஸ்திரி போடுகிறான். மருமகளுக்கு மருந்துக் கடையில் வேலை. அவள் பிறந்த ஊரில் இப்போது சண்டை நடக்கிறது. அங்கே அவள் அண்ணன் ரொட்டிக் கடை வைத்திருக்கிறான். சுற்றியுள்ள தெருக்களில் மற்ற கடைகள் எல்லாம் மூடிவிட்டதால், அந்த ஒரு அடுப்பை நம்பித்தான் அத்தனை குடும்பங்களும் இருக்கின்றன.

அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இந்தத் தெரு கிளம்பியபோது, கஞ்சியம்மாதான் முன்னால் நின்றார். நிவாரண அமைப்பிலிருந்து வந்த அலுவலர் அம்மாள் முதல் கூட்டத்திலேயே பவ்யமாகச் சொன்னார், பணமாகக் கொடுத்தால் அங்கே பக்கத்து ஊரிலேயே வேண்டியதை வாங்கிவிடலாம் என்று. கஞ்சியம்மா காதில் வாங்கவில்லை. பணத்தை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள், துணியைத் துவைத்து மடித்துக் கொடுக்க நான்தான் வேண்டும் என்றுவிட்டார். வீட்டுக்கு வீடு துணி வந்தது. ஆறு வாரம் காசு வாங்காமல் துவைத்தார், கிழிந்ததைத் தைத்தார், பெட்டி போட்டார். இப்போது கடைக்குள் மூட்டைகள் உத்தரத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன. மதியம் லாரி வருகிறது. வழியனுப்ப மைக் செட்டெல்லாம் கட்டியாயிற்று.

அண்ணன் போனில் சொன்னது இதுதான். துணி வேண்டாம். கடைசி மாவு மூட்டை காலி. பக்கத்து ஊர் வியாபாரியிடம் மாவு இருக்கிறது, நாளைக் காலையில் ஒரு லாரி உள்ளே வர அனுமதியும் கிடைத்திருக்கிறது. மாலைக்குள் பணத்துக்கு உறுதி சொல்லாவிட்டால் அந்த மாவு வேறு ஊருக்குப் போய்விடும். அடுப்பு அணைந்துவிடும்.

மருமகள் முதலில் புருஷனிடம் போய்ச் சொன்னாள். அவன் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காதே என்று கெஞ்சினான். லாரி கிளம்பட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். இவன் மத்தளமாகவே பிறந்தவன், அதனால் அடி விழுவதற்கு முன்பே அதிர ஆரம்பித்துவிடுவான்.

அவள் அவனைத் தாண்டி முன்கடைக்குப் போனாள். கஞ்சியம்மா ஒரு குழந்தைச் சட்டையின் கையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, லாரியை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏன், ரோட்டை மூடிட்டாங்களா?"

"ரோடு இருக்கு. துணிதான் வேண்டாம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். போன மாதம் வேறு எங்கிருந்தோ இதே மாதிரி லாரி லாரியாகத் துணி வந்து அங்கே பள்ளிக்கூட முற்றத்தில் இறங்கியதாம். பிரிக்க ஆள் இல்லை. மழை பெய்து, நனைந்து, பூசணம் பூத்துக் குன்றாகக் கிடந்ததாம். பால் பவுடர் வாங்க வந்த பெண்கள் அதன்மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்ததாம். கடைசியில் காய்ந்ததை எல்லாம் எடுத்து அடுப்பெரித்தார்களாம்.

அடுப்பெரித்தார்கள் என்றதும் கஞ்சியம்மாவின் கை நின்றுவிட்டது.

"அங்க எல்லார் உடம்புலயும் துணி இருக்கு அத்தை. வயித்துலதான் ஒண்ணும் இல்ல."

"ஆறு வாரமா என்கூடவே உட்கார்ந்து மடிச்சியே. அப்பல்லாம் சொல்லத் தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. சொன்னா நீங்க பழையபடி ஆயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

தொடக்கத்திலிருந்து படிக்கிறவர்களுக்குப் பழையபடி என்றால் என்ன என்று தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு மருந்துக்கடைக்காரி என்றுதான் பெயர். சண்டை தொடங்கிய பிறகுதான் "என் மருமக ஊரு" என்று கஞ்சியம்மா நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துணி மடித்தார்கள், பேசினார்கள், சிரிக்கக்கூடச் செய்தார்கள். அதை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை. தப்புதான். ஆனாலும் எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை.

கஞ்சியம்மா இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். கடை திறந்திருக்கும் நேரத்தில் அந்த ஸ்விட்ச் அணைந்து யாரும் பார்த்ததில்லை.

அலுவலர் அம்மாளுக்குப் போன் போட்டு மாவுக்கு எவ்வளவு, அந்த ரொட்டி அடுப்பு டீசலில் எரிவதால் டீசலுக்கு எவ்வளவு என்று கேட்டார். கேட்ட தொகை தலையைச் சுற்ற வைத்தது. தெருவில் வசூலித்திருந்த பணமெல்லாம் லாரி வாடகைக்கே போய்விட்டிருந்தது. சுற்றிலும் இருந்த மூட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, மேசைகளை வெளியே தூக்கிப் போடு என்றார் மகனிடம். எல்லாவற்றையும் இங்கேயே விற்றுவிடலாம்.

"கொடுத்தவங்ககிட்டயே விக்கிறதாம்மா? காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். துடைச்சுக்கிட்டு விப்பேன்."

மதியத்துக்குள் தெரு கூடிவிட்டது. வழியனுப்ப வந்தவர்கள் கடை வாசலில் விரித்துப் போட்டிருந்த சட்டைகளையும் கால்சட்டைகளையும் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லாரியும் வந்து ஓரமாக நின்றது. கஞ்சியம்மா மர முக்காலி மேல் ஏறி மைக்கைப் பிடித்தார். சுற்றி வளைக்காமல், அங்கே என்ன நடக்கிறது, என்ன வேண்டும், எதற்குள் வேண்டும் என்று சொன்னார்.

"துணி வேணாம்னு என் மருமக முதல் நாளே சொன்னா. நான்தான் கேக்கல. தப்பு என்னுது. இப்ப இதையெல்லாம் வித்து மாவா அனுப்பப் போறேன், வாங்குங்க."

மேசைக்குப் பின்னால் நின்ற மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை அத்தை என்று அவள் வாயெடுக்கும்போதே கஞ்சியம்மா முக்காலியிலிருந்து இறங்கி வந்து, பேசாம மடி என்றார் தாழ்ந்த குரலில். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. குனிந்து மடித்தாள்.

கூட்டம் முணுமுணுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தர், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இங்கே மாட்டைக் கொடுத்தவன் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள் என்றார். பக்கத்தில் நின்ற பல் டாக்டர் தலையாட்டினார். பல் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று பேர் மெல்லக் கழன்றுகொண்டார்கள். ஒரு சட்டைகூட விற்கவில்லை.

அப்போதுதான் மகன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

சலவைக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. துணி வந்ததும் உள்பக்கக் காலரில் எந்த வீடு என்று அழியாத மையில் குறி போட வேண்டும். போடும்போதே குறையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பட்டன் இல்லை, கறை இருக்கிறது என்று. நாளைக்கு வாடிக்கையாளர் வந்து சண்டை போடக் கூடாது அல்லவா? இந்த ஆறு வாரமும் மகன் பழக்கதோஷத்தில் தானத் துணிக்கெல்லாம் குறி போட்டுத் தள்ளியிருந்தான். எங்கோ போகிற துணிக்கு எதற்கடா குறி என்று வீட்டில் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

விற்கச் சொன்னால் அவனுக்கு விற்கத் தெரியாது. தெரிந்ததைச் செய்தான். மேலே கிடந்த ஒரு மேல்கோட்டை எடுத்தான், காலரைத் திருப்பினான், மைக்கில் சொன்னான்.

"ஏழாம் நம்பர் வீடு. மேல்கோட்டு ஒண்ணு. உள்துணி முழுக்கக் கிழிசல், பூச்சி அரிச்சது, பட்டன் நாலும் இல்ல."

இப்போது எல்லாம் தைத்துச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வந்தபோது இருந்த கோலம் அவன் வாயில் அப்படியே வந்துவிட்டது. ஏழாம் நம்பர் பல் டாக்டர் வீடு. கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. டாக்டர் முகம் சிவக்க, பர்ஸில் இருந்த நோட்டுகளை எண்ணாமல் எடுத்துக் கொடுத்து கோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

மகன் அடுத்ததை எடுத்தான். ஒற்றைக் கையுறை. அதற்கடுத்தது, இடுப்பு எலாஸ்டிக் போன நீச்சலுடை. சண்டை நடக்கிற ஊருக்கு நீச்சலுடை அனுப்பிய புண்ணியவதி யார் என்று குறியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, தலைமையாசிரியை கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பணத்தோடு முன்னால் வந்துவிட்டார். அவ்வளவுதான், அத்தனை பேரும் தங்கள் மூட்டையைத் தேடிப் பாய்ந்தார்கள். பணப்பெட்டி நிரம்ப ஆரம்பித்தது. மருமகளுக்கு மூச்சு வந்தது.

கஞ்சியம்மா வந்து மகன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"நிறுத்து. யார் துணியில என்ன கறைன்னு நம்ம கடையைத் தாண்டிப் போனதில்ல. இன்னைக்கும் போக வேண்டாம்."

அவன் நின்றான். கூட்டமும் நின்றது. பணமும் நின்றது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, பெட்டியில் இருப்பது மாவுக்குப் பாதிகூடத் தேறாது.

மருமகளுக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டுக்கு வந்து முதல்முறையாக மாமியார்மேல் வந்த அசல் கோபம். அவரைத் தனியே இழுத்தாள். "அங்க பசி அத்தை. இங்க வெறும் வெட்கம். ரெண்டும் ஒண்ணா?"

"வெட்கப்பட வெச்சு வாங்குற காசு ஒரு தடவைதான் வரும்மா. அப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தரும் நம்ம முகத்தைப் பார்க்க மாட்டாங்க. உங்கண்ணன் அடுப்பு நாளைக்கு ஒருநாள் எரிஞ்சா போதுமா உனக்கு?"

ஆனால் இன்றைய பணத்துக்கு என்ன வழி என்று கஞ்சியம்மாவுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் மேசைக்குத் திரும்பி, கலைந்து கிடந்த துணிகளை மறுபடி மடித்து அடுக்கினார்கள். விற்காவிட்டாலும் அடுக்காமல் இருக்க அவர்களுக்குத் தெரியாது.

கூட்டம் போகவும் இல்லை, வாங்கவும் இல்லை. பாதித் தூரம் போய்விட்ட பல் டாக்டர்தான் கோட்டோடு திரும்பி வந்தார். மைக்கைக் கொடுங்கள் என்று கேட்டார். அவருக்குப் பேச்சு வராது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர்.

"ஏழாம் நம்பர் நான்தான். யாரும் சொல்ல வேணாம், நானே சொல்லிடறேன். இதை நான் குப்பையில போட எடுத்து வெச்சிருந்தேன். அந்த நேரம் பார்த்து துணி கேட்டு வந்தாங்க, கொடுத்துட்டேன். குப்பைன்னு தெரிஞ்சுதான் கொடுத்தேன்." கோட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்தம்மா அதை உட்கார்ந்து தைச்சிருக்காங்க. இதை வேற யாராவது வாங்கிப் போட்டுக்குங்க. நான் முதல்ல கொடுத்ததைத் திருப்பிக் கேக்கல. இந்தாங்க, இது இன்னொரு தடவை."

பெட்டியில் மறுபடியும் பணம் போட்டார். சைக்கிள் கடைக்காரர் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்து, தோள் கச்சிதமாக இருக்கிறது என்று நல்ல விலைக்கே வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். காலரைத் தாங்களே திருப்பிக் காட்டினார்கள். ஒற்றைக் கையுறை நான்தான், இன்னொன்று எங்கே என்று இன்னும் தேடுகிறேன் என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது, இந்தச் சிரிப்பில் யாருக்கும் காயமில்லை. தலைமையாசிரியை நீச்சலுடையை உயர்த்திப் பிடித்து, இதை யாரும் வாங்கத் துணிய வேண்டாம், இதற்கான தண்டத்தை நானே கட்டுகிறேன் என்றார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். ஒரு நாள் கொடுத்துவிட்டுக் கைகழுவ வேண்டாம், மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஒரு மூட்டை மாவின் விலை என்று வைத்துக்கொள்வோம். முடியாத வீடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு மூட்டை. கைகள் உயர்ந்தன. கஞ்சியம்மா மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொல்லலையா என்று கேட்கவும் இல்லை. விறைப்புக்காரர்களிடம் இப்படிச் சில நல்ல குணங்கள் உண்டு.

வழியனுப்ப வந்திருந்த அலுவலர் அம்மாள் பணத்தைச் சரிபார்த்தார். மாவுக்கு ஆயிற்று. டீசலுக்கு இடித்தது. மாவை வைத்துக்கொண்டு அடுப்பு எரியாமல் என்ன செய்வது?

லாரிக்காரர் இவ்வளவு நேரமும் வண்டியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து, வாங்கிய வாடகையை மேசைமேல் வைத்தார். வண்டி நகரவே இல்லை, எதற்கு வாடகை என்றார். நாள் வீணாய்ப் போயிற்றே, கூலியையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு மட்டும் தலையசைத்துக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

"மிச்சம் என் டேங்க்ல எரிய வேண்டிய டீசல். அங்க அடுப்புல எரியட்டும்."

இருட்டுவதற்கு முன்பே வியாபாரிக்கு உறுதி போய்விட்டது. மாவு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்று அலுவலர் அம்மாள் சொன்னபோது, மகன் மேசை ஒன்றின்மேல் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டான். அலுவலர் அம்மாள் ரசீதுகளை எழுதி முடித்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

மருமகள் அண்ணனுக்குப் போன் போட்டாள். மூன்றாம் முறைதான் லைன் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பெரிய ஆம்பளை அழுகிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாளைக்குக் காலையில் அடுப்பு பற்ற வைத்துவிடுவேன், வரிசையில் நிற்கிறவர்களுக்கு இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றான்.

கஞ்சியம்மா போனைக் கையில் வாங்கினார். அவனோடு அவர் பேசுவது இதுதான் முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நான் அவளோட மாமியார் பேசறேன். இந்தத் தடவை நானா எதையும் அனுப்பப் போறதில்ல. கேட்டுட்டு அனுப்பறேன். வேற என்ன வேணும், சொல்லுங்க."

அவன் தயங்கினான். ஒன்றும் வேண்டாம் அம்மா என்றான். பிறகு, கேட்கக் கூடாதுதான் என்றான். கேளுங்க என்றார் இவர்.

"மாவு லாரி இறக்கிட்டுக் காலியாத்தான் திரும்பிப் போகும். டிரைவர் பக்கத்துல ஒரு ஆள் போக விடுவாங்க. பக்கத்து ஊர்ல நிவாரண விடுதி இருக்கு, அங்க வந்து நீங்க கூட்டிட்டுப் போக முடியுமா?"

"யாரை?"

"எனக்கு ரெண்டு குழந்தைங்கம்மா. பெரியவ ஒண்ணு, சின்னவன் ஒண்ணு. சோதனைச் சாவடியில ஒருத்தருக்கு மேல விட மாட்டாங்க. யாரை ஏத்தறதுன்னு நானும் என் சம்சாரமும் காலையிலேர்ந்து பேசிட்டிருக்கோம். எங்களால முடியல. நீங்களே ஒரு பேரைச் சொல்லிடுங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேசைமேல் படுத்திருந்த மகன் எழுந்து உட்கார்ந்தான்.

கஞ்சியம்மா பேர் எதுவும் சொல்லவில்லை. போனை மருமகளிடம் கொடுத்து, லைனை விட்டுவிடாதே என்றார். வாசல்வரை போய்விட்ட அலுவலர் அம்மாளுக்கு முன்னால் அந்த மர முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு குழந்தைங்க. எப்படிக் கொண்டு வர்றதுன்னு சொல்லுங்க. யாருக்குப் போன் போடணும், யார் கையைக் காலைப் பிடிக்கணும், எல்லாம் சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வீட்டுக்குப் போகப் போறதில்ல."

அலுவலர் அம்மாள் அவரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தார்.

"வெச்சிடாதே அண்ணா," என்றாள் மருமகள். "ரெண்டு பேருக்கும் பையைக் கட்டச் சொல்லு அண்ணிகிட்ட."